சீல் உடைக்காத பம்ப்

என் கணவன் வென்டெலுக்கு மோட்டார் சைக்கிள் என்றால் உயிர். ஓட்டுவதற்கு அல்ல. ஓட்டுகிறவர்களைக் கண்டாலே அவனுக்கு ஆகாது. அவனைப் பொறுத்தவரை வண்டி என்பது துடைத்து, போர்த்தி, வருஷத்துக்கு ஒரு தடவை டிரக்கில் ஏற்றி, பாதி ஒஹாயோ மாநிலத்தைக் கடந்து கொண்டுபோய்ப் புல்தரையில் இறக்கி, அவனைப் போலவே இடுப்பில் கை வைத்து நிற்கும் கிழவர்களிடம் காட்டிவிட்டு, மறுபடி டிரக்கில் ஏற்றிக்கொண்டு வரவேண்டிய ஒன்று. இந்தக் கூத்துக்குப் 'பழைய வண்டிச் சங்கம்' என்று ஒரு பெயர். அதற்குக் கொடி உண்டு, தொப்பி உண்டு, தலைவர்கூட உண்டு.

இதில் பெரிய வேடிக்கை, அந்த வண்டி அவனுடையதே அல்ல. என்னுடையது.

முப்பத்தொன்பதாம் வருஷத்து ஹால்வர்சன். என் மின்னா அத்தை அதில்தான் பண்ணை பண்ணையாகப் போய்ப் பாலில் கொழுப்பு எவ்வளவு என்று சோதித்துக்கொண்டிருந்தாள். ஓரத்தில் பூட்டிய பக்கவண்டியில் பால் பாட்டில்கள் கலகலவென்று ஆடிக்கொண்டு போகும். அவள் செத்தபோது வண்டியை எனக்கு விட்டுப்போனாள். குடும்பத்தில் அதைக் கண்டு பயப்படாதவள் நான் ஒருத்திதான். கியரைக் கையால் போட வேண்டும், கிளட்சைக் காலால் மிதிக்க வேண்டும். அதில் நான் வேலைக்குப் போனேன், கடைக்குப் போனேன், கோடைக்காலத்தில் பிள்ளைகள் இருவரையும் பக்கவண்டியில் திணித்துக்கொண்டு ஏரிக்குப் போனேன். மழை பட்டது, சேறு பட்டது, மாட்டுச் சாணம் பட்டது. வண்டி பாட்டுக்கு ஓடியது.

பிறகு ஒரு நாள் எண்ணெய் பம்ப் விரிசல் விட்டது. கைமுஷ்டி அளவு உலோகம், அவ்வளவுதான். எண்ணெய் டேங்க்கில் இருக்கிற எண்ணெயை எடுத்து இன்ஜினுக்குள் தள்ளி, மறுபடி டேங்க்குக்கே கொண்டுவந்து ஊற்றுவது அதன் வேலை. அது இல்லாவிட்டால் இன்ஜின் தன்னைத்தானே அரைத்துக்கொண்டு செத்துப்போகும்.

"குடு கண்ணு, நான் சரி பண்ணித் தர்றேன்," என்றான் வென்டெல்.

அவன் 'கண்ணு' என்று கூப்பிட்டபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். பத்தொன்பது வருஷம் ஆகிறது.

ஹால்வர்சன் கம்பெனி யுத்த காலத்திலேயே கதவைச் சாத்திவிட்டது. உதிரி பாகம் கிடைப்பது குதிரைக் கொம்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கிடைக்காத பொருளைச் செய்துகொள்ளலாமே? ஃபிண்ட்லே ஊரில் ரீட்டா ஸ்டென்சல் என்று ஒருத்தி பட்டறை வைத்திருக்கிறாள். வாய் ஊருக்கே கேட்கும். பழைய பம்ப் ஒன்றை வாங்கி, அளவெடுத்து, அதே மாதிரி வார்த்து, கடைந்து விற்கிறாள். அவள் செய்த பம்பைப் போட்டுக்கொண்டு ஹால்வர்சன்கள் கலிஃபோர்னியா வரை போய் வந்திருக்கின்றன. வென்டெலிடம் அவள் பேரைச் சொன்னால் போதும், மூக்கைச் சுளிப்பான்.

"நகல்," என்பான். மற்றவர்கள் குஷ்டம் என்று சொல்கிற குரலில் சொல்வான்.

காரணம், சங்கத்தின் போட்டி. ஒவ்வொரு வண்டிக்கும் நூறு மதிப்பெண் கொடுத்து ஆரம்பிப்பார்கள். பிறகு நடுவர்கள் குனிந்து, படுத்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, கம்பெனி போடாத ஒவ்வொரு போல்ட்டுக்கும் வெட்டிக்கொண்டே வருவார்கள். வண்டி ஓட வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். ஓட வேண்டும். அதற்கும் விதி இருக்கிறது. நின்ற இடத்திலேயே இன்ஜின் ஒரு நிமிஷம் ஓட வேண்டும். கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்பார். நிமிஷம் ஆனதும் கையைத் தூக்குவார். நிறுத்திவிடலாம்.

ஆகவே வென்டெல் என்ன செய்தான் தெரியுமா? விரிசல் விட்ட பம்பையே பற்றவைத்து, அழகுக்காக மாட்டினான். அது ஒரு சொட்டு எண்ணெயையும் தள்ளாது. போட்டியன்று காலை புனல் வைத்து இன்ஜினுக்குள் நேராக எண்ணெயை ஊற்றுவான், ஒரு நிமிஷம் ஓட்டுவான், நிறுத்துவான், கோப்பையை வாங்கிக்கொண்டு வருவான். பற்றவைத்த தழும்புக்கு ஒரு மதிப்பெண் போகும். வருஷா வருஷம் தொண்ணூற்றொன்பது. ஒரு நிமிஷத்துக்கு மேல் ஓடாத வண்டிக்குக் கோப்பை கொடுக்கிற கூட்டத்தை நீங்கள் வேறு எங்காவது பார்த்திருக்கிறீர்களா? எங்கள் வீட்டில் அந்தக் கோப்பைகளுக்கென்று தனி அலமாரியே இருக்கிறது. தூசி தட்டுவது நான்.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது போன அக்டோபரில்.

கண் டாக்டர் என் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, நாற்காலியை நகர்த்திக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். டாக்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் நல்ல சேதி இருக்காது. விழித்திரை தேய்கிறதாம். பகலில் ஓட்டலாம், வருகிற கோடை வரைக்கும் பயமில்லை. அதற்கு அடுத்த வசந்தத்தில் லைசென்ஸ் புதுப்பிக்கப் போனால் தேற மாட்டேன். அதற்கு அப்புறம் எதையுமே ஓட்ட முடியாது.

வீட்டுக்கு வந்து வென்டெலிடம் சொன்னேன். அவன் கராஜில் ஒரு ஸ்க்ரூவின் தலையைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"வர்ற கோடைதான் வென்டெல். ஒரே ஒரு கோடை. எனக்கு என் வண்டியை ஓட்டணும்."

"அடடா," என்றான், பிரஷ்ஷை வைக்காமல். "அதுக்குள்ள பம்ப் கிடைச்சிடும் கண்ணு."

"ரீட்டாகிட்ட இருக்கு. நாளைக்கே இருக்கு."

"நகலைப் போடுறதா? உன் அத்தை ஆன்மா சாந்தி அடையுமா?"

"அத்தை பிரேக் கம்பி அறுந்தப்ப வேலிக் கம்பிய முறுக்கிக் கட்டிட்டு ஓட்டினவ."

"ஆமா," என்றான் பெருமையாக. "அதைக் கழட்டி எடுக்கத்தான் எனக்கு ஒரு குளிர்காலம் முழுசும் போச்சு."

இந்த மனுஷனோடு என்ன பேசுவது?

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, வென்டெல் டிரக்கை எடுத்துக்கொண்டு க்ளைட் ஹாஃபர் வீட்டுக்குப் போனான். க்ளைட்தான் சங்கத் தலைவர். அவருடைய ஹால்வர்சனும் தொண்ணூற்றொன்பதுதான். பின்விளக்குக் கண்ணாடி ஒன்று சரியில்லை. பேசும்போது கண்ணை மூடிக்கொண்டு பேசுவார், தன் குரலை ரசிக்க. வென்டெல் திரும்பி வந்தபோது சீட் பெல்ட் போட்டு ஒரு அட்டைப்பெட்டியை உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு வந்தான். பழுப்புப் பெட்டி. நீலத்தில் கம்பெனி முத்திரை. நாலு பக்கமும் ஒட்டிய காகிதப் பட்டை கிழியாமல் இருந்தது.

"ஒரிஜினல் பம்ப்," என்றான். "கம்பெனி ஒட்டின சீல் அப்படியே இருக்கு. எண்பத்தஞ்சு வருஷமா யாருமே திறக்கல."

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவன் தோளுக்கு மேலாகக் கராஜ் தெரிந்தது. வண்டி தனியாக நின்றது.

"பக்கவண்டி எங்க?"

"க்ளைட் சும்மா தருவாரா? மாத்திக்கிட்டோம்."

என் பிள்ளைகள் தூங்கி விழுந்த பக்கவண்டி. ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, சரி, போனது போகட்டும், வண்டியாவது ஓடுமே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

"பிரி," என்றேன். "மாட்டு."

கத்தியை எடுத்துக்கொண்டு வந்தான். கை கழுவினான். அப்போது ஃபோன் அடித்தது. க்ளைட். வென்டெல் கேட்டுக்கொண்டே இருந்தான், தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான், கத்தியைக் கீழே வைத்தான்.

"என்னவாம்?"

"சீல் உடைக்காத ஹால்வர்சன் பம்ப் உலகத்துலயே இது ஒண்ணுதான் இருக்காம். உடைச்சா வெறும் பம்ப் ஆயிடுமாம். யோசிச்சுப் பார்த்தா அவர் சொல்றதும் சரிதானே?"

"வென்டெல், அது பம்ப்தான்."

"உனக்குப் புரியாது கண்ணு."

எனக்கா புரியாது? பம்பை மாட்டினால் வென்டெலுக்கு நூறு. மாட்டாவிட்டால் தொண்ணூற்றொன்பது, க்ளைட்டோடு சமம். பக்கவண்டியையும் வாங்கிக்கொண்டு, நூறையும் கிடைக்கவிடாமல் செய்துவிட்டார் தலைவர். என் புருஷன் அவருக்கு நன்றி வேறு சொல்லி ஃபோனை வைத்தான். பெட்டிக்குக் கண்ணாடி மூடி செய்தான். கராஜில் அதற்கு ஒரு விளக்கும் போட்டான்.

திங்கட்கிழமை நான் ஃபிண்ட்லேவுக்குப் போனேன். ரீட்டா பம்பை மேஜையில் டொம்மென்று வைத்தாள்.

"பழசைவிட நல்லா ஓடும். ஓடலன்னா என் மூஞ்சில விட்டெறி," என்றாள். "ஏம்மா, உன் வீட்டுக்காரரு இத மாட்ட விடுவாரா?"

"அவன்கிட்ட யாரு கேக்கப்போறா?"

பம்பைக் கொண்டுவந்து ஃப்ரீஸரில், பட்டாணிப் பைகளுக்கு அடியில் ஒளித்துவைத்தேன். வென்டெல் தானாகக் காய்கறி எடுத்துச் சமைத்ததாகச் சரித்திரமே இல்லை.

ஜூன் மாதம் சங்கக் கூட்டம். மாவட்டக் கண்காட்சி மைதானத்தில் துருப்பிடித்த சாமான்கள் வரிசை வரிசையாக மேஜைகளில் கிடந்தன. ஒருத்தர் ஒரு ஸ்பிரிங்கைத் தூக்கி வெயிலில் காட்டிப் பார்த்து, கண்கலங்கி, கீழே வைத்தார். இந்த மாதிரி ஆட்களோடுதான் என் கோடைகள் போயின. க்ளைட்டின் வண்டி பக்கத்தில் என் பக்கவண்டி புதுப் பெயின்ட்டில் நின்றது, கயிறு கட்டி, 'தொடாதீர்கள்' என்ற பலகையோடு. எங்கள் வண்டி மூன்று இடம் தள்ளி நின்றது. வென்டெல் அதன் சீட்டின் மேல் ஒரு துண்டை விரித்து, அதற்கு மேல் பெட்டியை வைத்திருந்தான். கூட்டம் வந்து வந்து பெட்டியைக் கும்பிடாத குறையாகப் பார்த்துவிட்டுப் போனது.

நான் கடைசியாக ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன். சண்டைக்காகக் கேட்கவில்லை. அவன் சரி என்று சொல்லவேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்பட்டேன்.

"வென்டெல். இப்பவாவது பிரிச்சு மாட்டு. ஒரிஜினலே இருக்கட்டும். உனக்கு நூறு கிடைக்கும், எனக்கு ஒரு கோடை கிடைக்கும். ரெண்டு பேருக்கும் நல்லது."

அவன் பெட்டியைப் பார்த்தான். அப்புறம் க்ளைட்டைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை.

"பார்த்தியாம்மா ஆர்லீன்," என்றார் க்ளைட், கண்ணை மூடிக்கொண்டு. "சில பொருளெல்லாம் உபயோகப்படுத்தறதுக்கு இல்ல. அதை நாம காப்பாத்திக் குடுக்கணும்."

"யாருக்குக் குடுக்கணும் தலைவரே?"

"வர்ற தலைமுறைக்கு."

"அவங்களாவது பிரிக்கலாமா?"

"பிரிக்கக் கூடாது," என்றார் க்ளைட்.

ஆப்பிள் வெட்ட வைத்திருந்த கத்தி என் கூடையில் இருந்தது. எடுத்தேன். நாலு பக்கமும் பட்டையைக் கிழித்தேன். வென்டெல் போட்ட கூச்சலில் சாஸேஜ் கடைக்காரன்கூட ஓடி வந்தான். யாருக்கோ மாரடைப்பு என்று நினைத்தானாம்.

உள்ளே மெழுகுக் காகிதம். அதற்குள் கெட்டிப்பட்ட கிரீஸ். அதற்குள் பம்ப், நேற்று செய்தது போலப் பளபளத்தது. அதன் அடியில் சிவப்புப் பெயின்டில் பெருக்கல் குறி ஒன்று போட்டிருந்தது.

எதிர் மேஜையில் கடை போட்டிருந்த ரீட்டா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பம்பை வாங்கித் திருப்பினாள். வாய் வைத்து ஊதினாள். சிரிக்க ஆரம்பித்தாள்.

"யோவ் பெரிசுங்களா! இதுல எண்ணெய் வெளிய வர்ற ஓட்டையே போடல. ஓட்டை போட மறந்துட்டு, கம்பெனிக்காரனே சிவப்பு அடிச்சுத் தூக்கிப் போட்டிருக்கான். நல்ல பம்பையெல்லாம் மாட்டி ஓட்டித் தேச்சுட்டாங்க. உதவாததுதான் பெட்டியிலயே தங்கிடுச்சு. இதுக்கா துண்டு விரிச்சீங்க?"

க்ளைட்டின் கண் முதல் தடவையாக முழுசாகத் திறந்தது. வென்டெலின் முகம் வெளிறிப்போனது. எனக்கு, இத்தனைக்கு அப்புறமும், அவன்மேல் பாவமாக இருந்தது. அவன் கையைப் பிடிக்கப் போனேன்.

ரீட்டா சொன்னாள்: "சரி விடு. என் வேன்ல டிரில் மிஷின் இருக்கு. காப்பி குடிச்சு முடிக்கிறதுக்குள்ள ஓட்டையப் போட்டுத் தர்றேன். அசல் பம்ப்தான், ஜோரா ஓடும்."

"ஐயோ வேண்டாம்!" என்று இரண்டு குரல் ஒன்றாகக் கத்தின. க்ளைட்டும் என் புருஷனும்.

"அந்தச் சிவப்பைத் துடைச்சிடாத!" என்றார் க்ளைட். "இது கம்பெனி கழிச்சுக் கட்டின பம்ப்! எந்தப் புத்தகத்துலயும் இது கிடையாது! வென்டெல், இது அந்தப் பெட்டியைவிட அபூர்வம்யா!"

வென்டெலின் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. நான் கண்ணால் பார்த்தேன். "உலகத்துலயே ஒண்ணுதான் இருக்கும், இல்ல?" என்றான், குழந்தை மாதிரி.

"ஒண்ணே ஒண்ணு! ஓட்டையே இல்லாத ஹால்வர்சன் பம்ப்!"

பிடிக்கப் போன கையை இழுத்துக்கொண்டேன். எண்ணெய் போக வழியில்லாத பம்ப் ஒன்றைச் சுற்றி, ஒரு மைதானம் நிறைய ஆண்கள் கூடி நின்று மாறி மாறி ஊதிப் பார்த்தார்கள். அதைத் துண்டில் சுற்றிக் க்ளைட்டின் மேஜைக்கு ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள், படம் எடுக்க. வண்டியை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் உணவுப் பெட்டியைத் திறந்து, உருளைக்கிழங்கு சாலட்டுக்கு அடியில் காலையிலேயே ஒளித்துவைத்திருந்த ரீட்டாவின் பம்பை எடுத்தேன். நாலு போல்ட். பழைய பம்பைக் கழற்றினேன், பேக்கிங் வைத்தேன், புதியதை மாட்டினேன். கண் மங்கலாக இருந்த இடத்தில் விரல் வேலை செய்தது. ரீட்டா எண்ணெய்க் குழாயைப் பிடித்துக்கொண்டு, "இறுக்கு, இன்னும் கொஞ்சம், போதும் போதும்" என்று மட்டும் சொன்னாள். டேங்க்கில் எண்ணெய் நிரப்பி, ஏறி நின்று கிக்கரை உதைத்தேன். இருமியது. மறுபடி உதைத்தேன். பிடித்துக்கொண்டது.

சத்தம் கேட்டுத் தலைகள் திரும்பின. கடிகாரம் பிடிக்கிற நடுவர், பாவம், பழக்கதோஷத்தில் பொத்தானை அழுத்திவிட்டு என் முன்னால் வந்து நின்றுகொண்டார். வென்டெல் ஓடி வந்தான். நான் ஹெல்மெட்டை மாட்டினேன். நடுவர் கையைத் தூக்கினார்.

"நிமிஷம் ஆச்சும்மா! நிறுத்திடலாம்!"

நிறுத்தவில்லை. பத்தொன்பது வருஷமாக இந்த இடத்தில்தான் அந்தச் சத்தம் அறுந்துபோகும். இந்தத் தடவை அறாமல் ஓடிக்கொண்டே இருந்தது. நடுவர் கையைத் தூக்கியபடியே கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இதற்கு விதி என்ன என்று தெரியாமல் விழித்தார்.

"ஆர்லீன்! அது நகல்!" என்று கத்தினான் வென்டெல்.

"நானும் அசல் இல்ல வென்டெல், ரெண்டு பல்லும் இடுப்பும் மாத்தியாச்சு," என்று சொல்லிவிட்டு, கிளட்சை மிதித்துக் கியரைப் போட்டேன்.

வாசல் தாண்டியதும் தார் ரோடு. ரெண்டு பக்கமும் முழங்கால் உயரச் சோளம். எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது, ஹெல்மெட்டுக்குள் யார் பார்க்கப்போகிறார்கள் என்று இரண்டையும் விட்டேன். ஏரிக்கரை வந்ததும் ஓரமாக நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டபடியே எண்ணெய் டேங்க் மூடியைத் திறந்தேன். எண்ணெய் உள்ளே போய்ச் சுற்றிவிட்டு, சூடாகத் திரும்பி வந்து கொட்டிக்கொண்டிருந்தது. இவ்வளவுதான் நான் கேட்டது.

ஃபோன் அடித்தது.

"எங்க இருக்க?" என்றான் வென்டெல்.

"ஏரிகிட்ட."

"ஏரி வரைக்குமா?" மூச்சு வாங்கினான். "மீட்டர் என்ன காட்டுது? எத்தனை மைல் ஏறியிருக்கு? க்ளைட் கேக்குறார். குறைஞ்ச மைல் வண்டின்னு பதிஞ்சு வச்சிருக்கோம்."

குனிந்து பார்த்தேன். மீட்டரின் நடுவே எண்கள் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு நின்றது. தலையைச் சாய்த்துப் பார்த்தேன். திட்டும் கூடவே நகர்ந்தது.

"தெரியல."

"தெரியலன்னா? நல்லாப் பாரேன்!"

"நல்லாப் பார்த்துட்டுதான் சொல்றேன். நம்பர் தெரியல வென்டெல். அக்டோபர்ல உன்கிட்ட சொன்னேனே."

பின்னால் க்ளைட்டின் குரல் மட்டும், "எவ்வளவாம்? எவ்வளவாம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. வென்டெல் மெல்லப் பேசினான்.

"அங்கயே இரு ஆர்லீன். டிரக்க எடுத்துட்டு வர்றேன்."

"டிரக் எதுக்கு? வண்டி ஓடுதே," என்றேன்.

ஃபோனைப் பைக்குள் போட்டேன். சாலையும் சோளமும் ஏரியும் எனக்கு நன்றாகவே தெரிந்தன. பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது. ஏரியைச் சுற்றிப் போகிற ரோட்டில் வண்டியைத் திருப்பினேன்.